நட்சத்திரம் போட்ட வினைச்சொல்

யாங்கோனில் ஜெர்மன் டியூஷன் எடுக்கிறவள் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாள்; ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை விமானம் ஏறிவிடும். டியூஷன் எடுக்கும் புண்ணியவான்களே, உங்களுக்குத் தெரியாததா?

முதல் நாள் பாடம்

தின்கன்ஜூனில் என் வீட்டு முன்னறைதான் வகுப்பு. புது ஆட்கள் வந்தால் பலகையில் முதலில் '*பெரனன்' என்று எழுதுவேன். ஜெர்மன், ஆங்கிலம், ஸ்வீடிஷ் எல்லாவற்றுக்கும் மூத்த மொழியில் அதற்குச் 'சுமப்பது' என்று பொருள். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. பேசியவர்கள் திசைக்கொருவராகப் பிரிந்துபோக, பின்னால் வந்த மொழிகளை ஒப்பிட்டு, 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று அறிஞர்கள் திரும்பக் கட்டிய சொல் அது. அதற்கு அடையாளம்தான் சொல்லுக்கு முன்னால் போட்ட அந்த நட்சத்திரம். பரீட்சைக்கு வராது, எனக்குத்தான் அதன்மேல் ஒரு பைத்தியம். டாக்சி ஓட்டிக்கொண்டே படித்த கோ மின், டீச்சரை 'சயாமா' என்று கூப்பிடும் பர்மியத்தில் நிதானமாகக் கேட்டார்: "சயாமா, காதுல கேக்காத பேச்சுக்கு நீங்க சாட்சி சொல்றீங்களா?"

மொஹிங்காவோடு வந்தவர்

என் மாணவிகளில் செல்வி என்பவள், லைங் தாயா பகுதியில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் இருந்தாள். ஜெர்மனிக்கு நர்ஸ் படிப்புக்குப் போக ஆசை. பரீட்சையில் ஒரு தடவை கோட்டைவிட்டாள். வகுப்பில் என்னோடு தமிழ் பேச அவள் ஒருத்திதான்.

ஒரு ஞாயிறு அவள் அம்மாவும் தூக்கில் மொஹிங்காவோடு, அதாவது மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸோடு, வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நட்சத்திரம் எதற்கு என்று கேட்டார், சொன்னேன். கிளம்பும்போதுதான் மறுபடி வாய் திறந்தார்: "டீச்சரம்மா, பிரிஞ்சு போனவங்க பேச்சு தொலஞ்சிருச்சுங்கிறீங்க. எம்புள்ள போனா, எங்கிட்ட பேசுற பேச்சும் தொலஞ்சிருமா?"

மிங்கலாடோனுக்குப் பிறகு

அடுத்த தடவை செல்வி பாஸ். மிங்கலாடோன் விமான நிலையத்தில் அவள் அம்மாவும் நானும் வழியனுப்பினோம். அந்த ஞாயிறு வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் இல்லை. மறைப்பானேன், அடுப்படிக்குப் போய் அழுதேன்.

சில மாதம் கழித்து அம்மா போனும் கையுமாக வந்தார். திரையில் செல்வி, தலையில் கம்பளிக் குல்லாய். பாதி பர்மியம், பாதி ஜெர்மன் என்று என்னிடம் பொரிந்து தள்ளினாள். தமிழ் தேடினால்கூடக் கிடைக்கவில்லை. அம்மா முகத்தைப் பார்க்கவே பயம். அப்போது செல்வி அம்மா பக்கம் திரும்பி, "ம்மா, சாப்ட்டியா?" என்றாள், அதே பழைய இழுவையோடு. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "டீச்சரம்மா, இதுக்கு நட்சத்திரம் போட்டுறாதீங்க. இது இன்னும் காதுல விழுது."

என் தொழிலின் லட்சணம் இதுதான்: நன்றாகப் படித்தவர்கள் எல்லாம் போனுக்குள் இருக்கிறார்கள், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து முறுக்கு தின்பவர்கள் ஃபெயிலானவர்கள்தான்.