வெள்ளத்துக்குப் பயந்து புதைத்த மெசின்

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

அந்த மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறக்கப் போவதாக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். உருத்திரபுரத்தில் எங்களுடையது பள்ளக்காணி. நானும் மகளும் உடுப்பு மூட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து சேர்ந்தார்.

"அப்பா, என்ர தையல் மெசின்?" என்று மகள் கேட்டாள். புருசன் இல்லாத பிள்ளை. அந்த மெசின்தான் அவளுக்குச் சோறு.

"பயப்பிடாத பிள்ளை. மெசின்ர தலையைக் கழட்டி, பிளாஸ்ரிக் பரலுக்க வைச்சு, மாமரத்தடியில தாட்டுப்போட்டன்."

மகள் தலையில் கை வைத்தாள். "மண்ணுக்க தாட்டனீங்களோ? செல்லே அடிக்கிறாங்கள்? வெள்ளமெல்லோ வருது!"

வகுப்பறை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் சண்டைக் காலத்தில் செல் குண்டுக்குப் பயந்து சாமான் புதைக்காதவர் ஒருவரும் இல்லை. இவர் மண் ஒட்டிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பக்கத்துப் பாயில் இருந்த இங்கிலிஷ் ரீச்சர்தான் கதையை மாற்றினா. "ஐயாவை ஏசாதேங்கோ. இங்கிலிஷில கற்றக்ளிசம் எண்டு ஒரு சொல் இருக்கு. எல்லாத்தையும் அழிக்கிற பேரழிவுக்குச் சொல்லுறது. யுத்தத்துக்கும் சொல்லுவினம். ஆனா கிரேக்கத்தில அதின்ர முதல் கருத்து வெள்ளந்தான். கழுவிக்கொண்டு போறது."

"அவையளுக்கு முதல் வெள்ளம் வந்திருக்கு," என்றார் இவர். "எங்களுக்குச் செல் முந்தியிட்டுது."

மகள் சிரிக்கவில்லை. அன்று அவள் சாப்பிடவும் இல்லை.

தண்ணீர் வற்றியதும் வீட்டுக்குப் போனோம். வேலியைக் காணவில்லை. குசினிக் கதவு அடுத்த காணியில் கிடந்தது. இவர் தோண்ட, மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பரல் மூடியைச் சுற்றிச் சைக்கிள் ரியூப்பை வரிந்து கட்டியிருந்தார். இடம்பெயர்ந்து திரிந்த காலத்துக் கட்டு. அவிழ்த்துப் பார்த்தால், மெசினில் பனிபட்ட அளவு ஈரந்தான்.

மகள் துடைத்து, எண்ணெய் விட்டு, சேறு கழுவிய ஸ்ராண்டில் பூட்டி மிதித்தாள். ஊசி ஓடியது.

"அப்பா, அந்தச் சாரத்தைக் கழட்டித் தாங்கோ. விளிம்பு கிழிஞ்சுபோச்சு."

இவர் இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு, அவள் தைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

ரீச்சர் சொன்ன சொல்லையும் கருத்தையும் என் காதில் நின்றபடி எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் யாராவது சரிதானா என்று ஒருக்கால் பார்த்துவிடுங்கோ.