ஊறப்போட்ட வாழைநார்

என் பிழைப்பு வாழைநாரோடு. நாரை ரெசின் என்கிற பிசினில் தோய்த்து அச்சின்மேல் சுற்றி இறுகவிட்டால் கனமில்லாத, லேசில் உடையாத ஓடு கிடைக்கும். அடையாறில் நாங்கள் நாலைந்து பேர் நடத்தும் பட்டறையில் அதுவரை நாற்காலி முதுகுதான் செய்திருந்தோம். சர்க்கரையால் அம்மாவின் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போனபின், செயற்கைக் காலில் மிச்சக் கால் நுழைகிற மேல்கிண்ணத்தை இதில் செய்யலாமே என்று தோன்றியது. முதலில் வாங்கிய கால் கனம். "இதை இழுத்துண்டு எங்கே போறது" என்று பீரோவுக்குப் பின்னால் சாத்திவிட்டாள். புதுசையும் சாத்திவிட்டால் அப்புறம் அவள் எழுந்து நடக்கவே மாட்டாள் என்று எனக்குப் பயம்.

நாரில் ஈரம் இருந்தால் ரெசின் சரியாகப் பிடிக்காது, உள்ளே கொப்புளம் விடும். சென்னைக் காற்றை நம்ப முடியுமா? மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து, கூடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால், அம்மாவின் நாற்காலி பக்கத்தில், குண்டான் தண்ணீரில் மொத்த நாரும்.

"மொடமொடன்னு கெடந்துதுடி. அப்படியே பூ கட்டினா அறுந்துடாதோ? அதான் ஊறப்போட்டேன்."

பூக்கட்டத் தெரிந்த யாரும் நாரைக் கண்டால் முதலில் செய்வது இதுதான். தெரிந்தும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது பூவுக்கு இல்லைம்மா. உன் காலுக்கு."

"தண்ணி ஆகாதா இதுக்கு?"

"ஆகவே ஆகாது."

அவள் முகம் சுருங்கிப்போனது. நாரைப் பாழாக்கிய வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு நார் வாங்கிக் காயவைத்துக் கிண்ணத்தைச் செய்தோம். கால் பொருத்துபவர் மற்றதைச் சேர்த்துக் கொடுத்தார். அம்மா போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தாள். "லேசாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கழற்றி, நேரே பீரோவைக் காட்டினாள், அங்கே வை என்று.

"வலிக்கிறதாம்மா?"

"வலியெல்லாம் இல்லை. தண்ணி ஆகாதுன்னியே. பெசன்ட் நகர்ல அலையிலே போய் நிக்கணும்னு நெனச்சுண்டிருந்தேன்."

நார் காய்ந்திருக்க வேண்டியது ரெசின் பூசும்வரைதான். இறுகி, விளிம்பை அடைத்தபின் அலை ஒன்றும் செய்யாது. கீழே இருந்ததும் பிளாஸ்டிக் பாதம்தான். வந்து நல்ல தண்ணீரில் அலம்பினால் போதும். இத்தனையும் அவளுக்குத் தெரியும் என்று நானாக நினைத்திருக்கிறேன், மண்டு.

அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்தோம். மணலில் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அலை வந்தது. ஒரு காலில்தான் அவளுக்குச் சில்லென்று இருந்திருக்கும்.

"ரெண்டும் நனைஞ்சுதா பாரு."

"நனைஞ்சுதும்மா."

என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.