கட்டினவர் பெயர்

கப்பல் ஏற வேண்டுமானால் கல்யாணம் ஆனதற்கு சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலைக்குப் போய், என்னையும் வரச்சொல்லி எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு மாதா கோயிலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் கல்யாணத்துக்கு ஏது காகிதம்? ராயபுரமே பார்க்கத் தாலி கட்டினார், அவ்வளவுதான். சாட்சி இருந்தால் எழுதித் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, நாத்தனாரை அழைத்துக்கொண்டு துறைமுகத்து ஆபீசுக்குப் போனேன்.

குமாஸ்தா நம் ஊர்க்காரர்தான். "புருஷன் பேர் என்ன?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கம் எவள் சொல்லுவாள்?

நாத்தனார் முந்திக்கொண்டு, "அவரு எங்க அண்ணாத்தே சார், பேரை நான் சொல்றேன்" என்றாள்.

"நீ சும்மா இரும்மா. நெஜமாவே பொண்டாட்டின்னா அவளே சொல்லட்டும்" என்றார் அவர்.

அவர் வீட்டில் மட்டும் பெண்டாட்டி பெயர் சொல்லியா கூப்பிடுகிறாள்? மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் ஊர் வழக்கம் மறந்துபோய்விட்டது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பெயரை உரக்கவே சொன்னேன்.

குமாஸ்தா எழுதி, முத்திரை குத்தி, காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "குடும்பப் பொம்பளை புருஷன் பேரை இப்படியா கத்துவா?" என்றார்.

என் வாயால் அந்தப் பெயரைக் கேட்டது அந்தக் குமாஸ்தாவும் அந்த வரிசையில் நின்றவர்களும்தான். கட்டினவர் கடைசிவரை கேட்கவில்லை.