பையின் அடித்தட்டு

என் தாய்மாமன் ஈப்போவுக்குக் கேமராப் பை வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது. ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்க் கூலிக்காரர்களைப் படம் பிடிப்பது அவர் தொழில். அந்தப் படங்களை அவர்கள் கப்பலில் ஊருக்கு அனுப்புவார்கள். அவருடைய பழைய மரப்பெட்டி தைப்பிங் மழையில் ஊறிப் பிளந்துவிட்டது.

சீனர் கடையில் எனக்குப் பிடித்தது பளபளத்த தோல் பை. மாமா அதைத் தொடவேயில்லை. ஒரு தடித்த கித்தான் பைக்குள் கடைக்காரரின் இஸ்திரிப்பெட்டியை வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு குதித்துப் பார்த்தார். தையலை நகத்தால் நெம்பினார். அழுக்கு நிறத்திலிருந்த அதையே வாங்கினார்.

வீட்டில் அதன் மேல் ரப்பர்ப் பால் பூசி நிழலில் காயவைத்தோம். மூன்று நாள் வீடே நாறியது. அம்மா பழைய கம்பளியை வெட்டி, கேமராவுக்கு ஓர் அறை, படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டுகளுக்கு ஓர் அறை என்று உள்ளே தைத்தாள். தோள்வாரை அகலமாக்கினாள். எல்லாம் முடிந்தபின் மாமா, அடியில் இன்னொரு தட்டு வேண்டும் என்றார். ஒரே ஒரு பிளேட்டு படுக்க வேண்டும், வெளியே தெரியக்கூடாது.

அம்மா ஊசியைக் கீழே வைத்தாள்.

“வேணாம் தம்பி. மாட்டிக்கிட்டா உன்னைச் சும்மா விடமாட்டாங்க.”

“தைச்சுக் குடு அக்கா. புள்ளையக் கூட்டிட்டுப் போறேன். சந்தேகம் வராது லா.”

அம்மா தைத்தாள். அடித்தட்டைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எதற்கென்று தெரியாமலே எனக்கும் பயம் பிடித்தது.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். அம்மாவின் சங்கிலியைப் போட்டுக்கொண்டு நான் நிற்க, மாமா என்னைத்தான் முதலில் படம் பிடித்தார். என் வாழ்நாளில் அதுதான் முதல் படம். பிறகு சில குடும்பங்கள். கடைசியாகக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் ஒரு லயத்தின் பின்புறம் போனார். அங்கே ஒருவர் முதுகில் வாழையிலை போர்த்திக் குப்புறக் கிடந்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். திரும்பி வந்த மாமா, கறுப்புத்தாள் சுற்றிய ஒரு பிளேட்டை அடித்தட்டில் செருகினார். அது என் படம் என்று நினைத்தேன்.

தோட்ட வாசலில், கணக்குப்பிள்ளையான கிராணியும் இரண்டு காவற்காரர்களும் மறித்தார்கள். கிராணி பிளேட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் காட்டினார். வெளிச்சம் பட்டால் படம் அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். மாமா தடுக்கவில்லை. பையைத் தட்டிப் பார்த்தபின் கிராணி என்முன் குந்தினார்.

“பாப்பா, மாமா வேற எங்கயாச்சும் எதையாச்சும் வச்சாரா?”

கால் வழியே சிறுநீர் இறங்கியது.

“அம்மாகிட்ட போவணும்” என்றேன்.

கிராணி முகம் சுளித்து எழுந்து, பையைக் காலால் தள்ளிவிட்டார்.

சாலைக்கு வந்ததும் மாமா என்னைத் தூக்கிக்கொண்டார்.

“என் படம் அடியில பத்திரமா இருக்குல்ல?” என்றேன்.

“இல்லம்மா. உன் படம் போயிடுச்சு.”

“அப்ப அடியில இருக்கறது?”

“பிரம்படி பட்ட ஒருத்தரோட முதுகு.”

அதன்பின் நான் அவரோடு பேசவில்லை. இரண்டு நாளில் அவர் அந்தப் பிளேட்டை எடுத்துக்கொண்டு பினாங்குக்குப் போய்க் கப்பலேறினார். வழியனுப்ப நான் வாசலுக்குக்கூட வரவில்லை. சில மாதம் கழித்து, அந்தத் தோட்டத்துக்கு விசாரணைக்கு ஆள் வந்ததாகவும், கிராணி வேலை போய் ஊரைவிட்டே போய்விட்டதாகவும் அம்மா யாரிடமோ அழுதபடி சொன்னாள். எனக்கு அது காதில் ஏறவில்லை. போயும் போயும் யாரோ ஒருவருடைய முதுகுக்காக என் முகத்தை வெயிலில் விட்டுவிட்டாரே என்று வெகுநாள் அழுதுகொண்டிருந்தேன்.