டிவி சத்தத்தில் ஒளித்த ஜெபம்

நான்கு வருடங்களுக்கு முன் நடந்தது இது. ஆட்குறைப்பு என்று சொல்லி என் கணவரைக் கம்பெனியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பெங்களூரு பிரேசர் டவுன் வீட்டுக்கு வாடகை கொடுத்து மாளாது என்று, ஸ்ரீராம்புரத்தில் சின்ன வீடாகத் தேடினோம். எட்டு வீடு பார்த்தும் எதுவும் அமையவில்லை. ஒன்பதாவது வீட்டு வாசலிலேயே புரோக்கர் என் காதைக் கடித்தார். "மேடம், சர்ச்சு கிர்ச்சுன்னு வாயத் தெறக்காதீங்க. ஓனரம்மா ரொம்ப ஆச்சாரம். அப்புறம் இதுவும் போயிடும்."

ஓனரம்மாவும் அதையேதான் கேட்டார். "நீங்க சர்ச்சுக்குப் போறவங்களா?"

பத்து வருடமாகப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள் நான். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைப் பற்றிப் பாடம் வேறு எடுத்தவள். "இல்லீங்க ஆன்ட்டி" என்றேன். நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வீடு கிடைத்தது, நிம்மதி போனது. வசனக் காலண்டரைச் சுவரில் மாட்டவில்லை. பைபிள் பீரோவில் சேலைகளுக்கு அடியில் போனது. ஞாயிறு காலையில் சர்ச்சுக்கு வெள்ளைச் சேலை கட்டிக் கிளம்பும்போது, "அக்கா வீட்டுக்குப் போறோம் ஆன்ட்டி" என்று ஒரு பொய். குடும்ப ஜெபத்தை மட்டும் என் கணவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் டிவியில் சீரியலை அலறவிட்டு, மகளோடு மூவரும் முழங்கால் போட்டு முணுமுணுப்போம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சத்தத்தைக் குறைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படியே ஐந்து மாதம் ஓடியது. ஒரு மத்தியானம் ஓனரம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மைசூரில் அவர் மகளுக்குப் பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று மருமகன் போன் செய்திருக்கிறார். கூட்டிப் போக மகன் வண்டியோடு வரவேண்டும். தண்ணீர் கொடுத்தேன்.

எனக்குத் தெரிந்த உதவி ஜெபம்தான். ஆனால் வாயைத் திறந்தால் வீடு போகும். கணவருக்கு அதுவரை வேலை கிடைத்திருக்கவில்லை. பேசாமல் உள்ளே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தபிறகு கால் நகரவில்லை.

"ஆன்ட்டி, நாங்க கிறிஸ்டியன்தான். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். உங்க பொண்ணுக்காக ஜெபம் பண்ணட்டுமா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பண்ணும்மா. டிவி போடாம பண்ணு" என்றார்.

அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஜெபித்தேன்.

மகள் பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை. பத்து நாள் கழித்து ஓனரம்மா ஊரிலிருந்து வந்ததும் நானே போய், "வீட்டைக் காலி பண்ணணுமா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"எதுக்கு? வாராவாரம் வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு எவ அக்கா வீட்டுக்குப் போவா? எனக்கு மொத வாரமே தெரியும்" என்று சிரித்தார். "முன்னாடி குடியிருந்தவங்களும் சர்ச்சுக்குப் போறவங்கதான். நல்ல ஜனங்க. அதான் உங்களையும் கேட்டேன்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒண்ணுதான் பயமா இருந்துச்சு. கும்பிடுற சாமியவே இல்லன்னவங்க, எனக்கு மட்டும் எங்க உண்மையா இருக்கப் போறாங்கன்னு."

அங்கேயே அழுதுவிட்டேன். புரோக்கர் சொல்லிக்கொடுத்தார் என்பதெல்லாம் சாக்கு. பொய் சொன்ன வாய் என்னுடையது.

அதற்கடுத்த மாதம் கணவருக்கு வேலை கிடைத்தது. இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். கஷ்டம் வந்ததும் நான்தான் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னேன். அந்த ஐந்து மாதமும் என்னைத் தெரியாது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.