கொடிக்கயிறும் துரையின் காரும்

கார் இடப்பக்கமே இழுக்கிறதென்று மகன் முற்றத்தில் படுத்து, சக்கரங்களை ஒட்டிக் கயிறு கட்டி அளந்துகொண்டிருந்தான். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் எனக்குப் பழைய கோபம் பொங்கியது.

லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா பெரிய துரையின் கார் டிரைவர். ஒருமுறை கிளப்பில் குடித்துவிட்டுத் தானே ஓட்டிவந்த துரை, முன்சக்கரத்தை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கிவிட்டார். மறுநாள் கார் கோணலாக ஓடியதும் ஏச்சு வாங்கியது அப்பா.

சக்கரத்தை அளந்து நேராக்க, அப்பா எங்கள் லயத்து வீட்டில் துணி காயும் கொடிக்கயிற்றை அவிழ்த்தார். மூன்று நாள் மழையில் காயாத என் பள்ளிக்கூடச் சட்டையை அம்மா தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவரு கான்ல விட்டதுக்கு நீங்க ஏன்ப்பா ஏச்சு வாங்குறீங்க? மூஞ்சிக்கு நேரா சொல்லுங்களேன்!"

"சொன்னா லயத்தக் காலி பண்ணச் சொல்லுவாங்க, புள்ள."

பங்களா வாசலில் முட்டி போட்டு, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்குக் கயிற்றை இழுத்துக் கட்டி, அப்பா பகல் முழுக்கத் திருகித் திருகிச் சரிசெய்தார். ஓட்டிப் பார்த்த துரை சொன்னார்: "இனிமேலாவது பாத்து ஓட்டு."

மறுநாள் நான் ஈரச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனேன்.

"யாரும்மா சக்கரத்த இப்புடிக் கோணலாக்குனது?" மகன் நிமிர்ந்தான்.

"நான்தான். நேத்து கான்ல எறக்கிட்டேன்."

இதைச் சொல்லியிருந்தால் அந்தத் துரைக்கு வாயா வலித்திருக்கும்?