ராஜாவுக்கு அடி எடுத்துக் கொடுத்தவள்

எல்லோரும் அவளை முணுமுணு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் ஆடுகிற ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, நடிகர்கள் வசனம் மறந்தால் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பது இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. "என் சம்சாரம் தினமும் ராஜாவுக்கே அடி கொடுத்துட்டு வர்றா" என்பார், தண்ணீர் பம்பு ரிப்பேர் பார்க்கும் அவள் புருஷன். 'எடுத்து' என்ற வார்த்தையை வேண்டுமென்றே முழுங்கிவிடுவார்.

அவர்கள் குழு திரும்பத் திரும்பப் போடும் ஒரு பழைய ராஜா நாடகம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ராஜா ஆத்திரத்தில் சொந்த மகனுக்கே மரண தண்டனை விதிக்கிறான். செய்தது தப்பென்று உடனே தெரிந்துவிடுகிறது. மந்திரி கெஞ்சுகிறார், ராணி காலில் விழுகிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் சொல்லமாட்டான். கடைசியில் மகனின் உடலருகே நின்று "பிழை செய்தேன்" என்கிறான். யாருக்குப் பிரயோஜனம்?

முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? இந்தக் கேள்வி அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. ராஜா வேஷத்தில் ஐந்து நடிகர்களைப் பார்த்தாகிவிட்டது. ஒருவர் கர்ஜித்தார், ஒருவர் அழுதே மேடையை நனைத்தார். பதில் மட்டும் கிடைக்கவில்லை. புருஷனைக் கேட்டாள்.

"சொல்லிட்டா நாடகம் இடைவேளையோட முடிஞ்சிடும். டிக்கெட் வாங்கினவன் சும்மா விடுவானா?"

அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது.

ஆறாவதாக வந்த ராஜா பெரிய நடிகர். ஒத்திகையில், மகனின் உடலருகே வந்து பேசாமல் நின்றார். அக்கா பதறிப்போய், "பிழை..." என்று எடுத்துக் கொடுத்தாள்.

"யாரும்மா அது? நான் மறக்கல, நடிக்கிறேன்! இன்னொரு தடவை வாயைத் திறந்தா, அந்த ஸ்டூல்ல வேற ஆள்தான்!"

இயக்குநரும் தலையாட்டினார். அக்காவின் முகம் சுண்டிப்போனது. வேறு வேலை அவளுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அவருடைய வாயை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். நடிக்கிற மௌனத்தில் விரல்கள் தளர்ந்து கிடந்தன. வேறொரு காட்சியில் நிஜமாகவே தடுமாறிச் சமாளித்தபோது, கட்டைவிரல் மோதிரத்தைத் திருகியது. ஓஹோ, இப்படியா சேதி என்று நினைத்துக்கொண்டாள்.

அரங்கேற்ற நாள். கூட்டம் நிரம்பி வழிந்தது. ராஜா உடலருகே வந்து நின்றார். மௌனம். கட்டைவிரல் மெல்ல மோதிரத்தைத் திருகத் தொடங்கியது.

வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் அந்த மனுஷனின் மானம் இத்தனை பேர் முன்னால் போகும். பாவமாக இருந்தது.

"பிழை," என்றாள்.

"பிழை செய்தேன்," என்றார் ராஜா, உடைந்த குரலில். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

திரை விழுந்ததும் கிரீடத்தைக் கூடக் கழற்றாமல் நேராக அவளிடம் வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"நான் மறக்கல," என்றார்.

"தெரியும் சார்."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. கட்டைவிரல் மோதிரத்தை விடவே இல்லை.

"அந்த ஸ்டூல் ஆடுது. விழுந்துடப் போறீங்க. நாளைக்கு உங்களுக்கு வேற ஸ்டூல் போடச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள்.

"நாடகத்துல அந்த ராஜா ஏன் சொல்லலைன்னு தெரிஞ்சுபோச்சுங்க."

"ஏனாம்?"

"வாய் வரைக்கும் வந்திருக்கும், பாவம். எல்லாரும் கெஞ்சினாங்களே தவிர, எடுத்துக் கொடுக்க ஒரு ஆளில்ல."